இல்லாத விமானத்தின் பயண நேரம்

கோயம்புத்தூருக்கும் ஆக்லாந்துக்கும் இடையே வான்வழித் தூரம் பதினோராயிரத்து நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். நேராகப் பறந்தால் பதினான்கு மணி நேரம். இந்த இரண்டையும் என் டைரியின் கடைசிப் பக்கத்தில், சிவப்பு மையில், கட்டம் கட்டி எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் புது டைரியின் கடைசிப் பக்கத்துக்கு அதே கட்டத்தை மாற்றி எழுதுவேன். நியூசிலாந்தில் இருக்கும் அந்த ஊரில் என் மனைவி ஏழு வருடமாக நர்ஸாக வேலை பார்க்கிறாள்.

செல்போனில் ஒரு பக்கம் இருக்கிறது. புறப்படும் ஊரையும் சேரும் ஊரையும் தட்டினால் தூரத்தையும் நேரத்தையும் சொல்லிவிடும். அவள் போன முதல் வாரத்தில் அதில் 'கோத்தகிரி' என்று தட்டினேன். அப்படி ஒரு விமான நிலையம் இல்லை என்றது. எனக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் வீட்டிலிருந்து கணக்குத் தொடங்க வேண்டும் என்று தோன்றியது. பிறகு கோயம்புத்தூர் என்று தட்டினேன். உலகப் படத்தின் மேல் ஒரு கோடு விழுந்தது. கீழே பதினான்கு மணி நேரம் என்று போட்டிருந்தது. உடனே எழுதிக்கொண்டேன்.

அதற்கும் கீழே சிறிய எழுத்தில் இருந்த வரியை மூன்று வாரம் கழித்துத்தான் படித்தேன். இந்த இரண்டு ஊர்களுக்கும் நேரடி விமானம் கிடையாது, தூரத்தை விமானத்தின் சராசரி வேகத்தால் வகுத்து வந்த நேரம் இது என்று இருந்தது. அதாவது இல்லாத ஒரு விமானத்தின் பயண நேரத்தைத்தான் நான் கட்டம் கட்டி வைத்திருந்தேன். தப்பான பதிவை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வழக்கம். இதை மட்டும் அடிக்கவில்லை.

அதற்குக் காரணம் என் வேலை. கீழ் கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட் ஃபேக்டரியில் நான் டீ மேக்கர். இருபத்தாறு வருட சர்வீஸ். சாயங்காலம் எடை போட்டு வரும் பச்சைக் கொழுந்தை மாடியில் நீளமான கம்பி வலைத் தொட்டிகளில் பரப்புவோம். வலைக்கு அடியில் மின்விசிறி காற்றைத் தள்ளும். கொழுந்து அதில் வாடி, ஈரம் குறைந்து, மறுநாள் காலையில் மெஷினுக்குத் தயாராகும். சாதாரண நாளில் அதற்கு ஆகும் நேரம் பதினான்கு மணி. அவளுக்கும் எனக்கும் நடுவே இருக்கும் நேரமும் ஒரு தொட்டிக் கொழுந்து வாடும் நேரமும் ஒன்று என்று தெரிந்தபோது, அந்தத் தூரம் கைக்குள் அடங்கிய மாதிரி இருந்தது. தினமும் சாயங்காலம் ஐந்தரைக்குத் தொட்டியை நிரப்பிவிட்டு, இப்போது ஒரு விமானம் அங்கிருந்து கிளம்புகிறது என்று நினைத்துக்கொள்வேன். காலை ஏழரைக்குக் கொழுந்தை இறக்கும்போது அது கோயம்புத்தூரில் இறங்கிவிடும். அதிலிருந்து யாரும் இறங்கி வந்ததில்லை.

அவள் ஏன் போனாள் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் பதினாறு வருடம் இருந்தாள். அதை மூடினார்கள். கோத்தகிரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். அங்கே கூட வேலை பார்த்த சின்னப் பெண்கள் வெளிநாட்டுப் பரீட்சைக்குப் படித்தார்கள். பஸ்ஸில் போக வர இவளும் அந்தப் புத்தகத்தை வாங்கிப் படித்தாள். சின்னப் பெண்களில் இரண்டு பேர் தேறவில்லை, நாற்பத்தொரு வயதில் இவள் தேறினாள். "பாஸ் பண்ணிட்டு போகாம இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றாள். போகாதே என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நின்றிருப்பாள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியும். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி இங்கே எழுத எதுவும் இல்லை.

அவள் போன மாதத்தில்தான் ஃபேக்டரிக்கு எதிரே இருக்கும் ஒன்பதாம் நம்பர் காட்டைக் கவாத்து செய்தார்கள். தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, வெறும் குச்சியாக விடுவதுதான் கவாத்து. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு காட்டுக்கும் முறை வரும். ஒன்பதாம் நம்பர் வெறும் குச்சியாக நின்றபோது அவள் பெட்டியோடு ஜீப்பில் ஏறினாள். அது துளிர்த்து, மட்டம் கட்டி, இடுப்பு உயரம் வந்து, மறுபடி வெட்டுப்பட்டு, மறுபடி துளிர்த்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவு என்று சொல்லித்தான் போனாள். முதல் லீவுக்கு உலகம் முழுக்க விமானங்களை நிறுத்திவிட்டார்கள். அது ஐந்தாவது வருடத்தில்தான் கிடைத்தது. பதினைந்து நாள். அடுத்த லீவு போன ஜூன் மாதம். பன்னிரண்டு நாள். ஏழு வருடத்தில் இருபத்தேழு நாள் நாங்கள் ஒரே கூரைக்குக் கீழ் இருந்திருக்கிறோம்.

தினமும் பேசுவோம். என் மதியச் சாப்பாட்டு நேரம் பன்னிரண்டரைக்கு அவளுக்கு இரவு ஏழு மணி. ஆறரை மணி நேர வித்தியாசம். செப்டம்பர் கடைசியில் அந்த நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவிடுவார்கள். அன்றிலிருந்து அவள் எட்டு மணியில் இருப்பாள், களைத்திருப்பாள். ஏப்ரலில் திரும்ப ஏழு மணிக்கு வந்துவிடுவாள். மற்றவர்களுக்கு இது அற்ப விஷயமாகத் தெரியலாம். எனக்கு அந்த ஏப்ரல் ஞாயிற்றுக்கிழமை, அவள் ஒரு மணி நேரம் பக்கத்தில் வந்த நாள். டைரியில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

குவாட்டர்ஸில் என்னோடு இருப்பது என் மாமியார். மனைவியின் அண்ணன் குந்தாவில் பவர் ஹவுஸில் வேலை செய்கிறார். அங்கே குளிர் ஆகவில்லை என்று சொல்லி மாமியார் இங்கேயே இருந்துவிட்டார்கள். உண்மையில் இரண்டு இடத்துக்கும் குளிரில் பெரிய வித்தியாசம் கிடையாது. மகளின் போன் இங்கேதான் வரும் என்பதுதான் காரணம்.

சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமான புதிதில் கப்பலேறி வந்தவர்கள் அவர்கள். ஒருநாள் சாயங்காலம் செல்போனில் அந்தக் கோட்டைக் காட்டினேன். கோயம்புத்தூரில் தொடங்கித் தென்கிழக்காக இறங்கும் கோடு. படத்தைப் பெரிதாக்கினேன். மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

"இது என்னா ஊரு, கடலை ஒட்டி?"

"இராமேஸ்வரம்ங்க அத்தை."

"அப்ப இந்தப் பக்கம் இருக்கிறது?"

நான் இன்னும் பெரிதாக்கினேன். தலைமன்னார். கோடு கிட்டத்தட்ட அந்த இரண்டுக்கும் நடுவில்தான் கடலைத் தாண்டியது. இதை நான் அதுவரை கவனித்ததில்லை.

"இதுலதானே நாங்க வந்தோம்" என்றார்கள். "கப்பல்ல மூணு மணி நேரம் கூட இல்லை. எங்க அக்கா கரையில நின்னுக்கிட்டு இருந்துச்சு. அதுக்கு அந்த நாட்டுப் பிரஜைன்னு எழுதிட்டாங்க, எங்களுக்கு இந்த நாடுன்னு எழுதிட்டாங்க. அடுத்த வருஷம் வந்து பாக்கிறேன்னு கையைக் காட்டினேன்."

"எத்தனை கிலோமீட்டர் இருக்கும் தெரியுங்களா? முப்பதுதான்."

"முப்பதா?" மாமியார் கண்ணாடியைக் கழற்றினார்கள். "கோத்தகிரியில இருந்து மேட்டுப்பாளையம் போற தூரமா?"

"அதைவிடக் கொஞ்சம் கம்மி."

அந்த அக்கா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. கடைசி வரை இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை. அன்று டைரியில் 'முப்பது கிலோமீட்டர்' என்று மட்டும் எழுதி நிறுத்தியிருக்கிறேன். அந்த வரி எனக்கும் சேர்த்து எழுதப்பட்டது என்று அப்போது தோன்றவில்லை.

இனி போன ஜூன் மாதத்தைச் சொல்ல வேண்டும்.

அவள் வர மூன்று விமானம் மாற வேண்டும். ஆக்லாந்திலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து சென்னை, சென்னையிலிருந்து கோயம்புத்தூர். முதல் விமானம் அவர்கள் நேரப்படி நள்ளிரவு பன்னிரண்டுக்குக் கிளம்பும். நம் கடிகாரத்தில் அது சாயங்காலம் ஐந்தரை. டிக்கெட்டைப் பார்த்ததும் இரண்டு முறை கூட்டிக் கழித்து உறுதி செய்துகொண்டேன். ஏழு வருடமாக நான் மனதில் கிளப்பிவிட்ட விமானமும் அவளுடைய உண்மையான விமானமும் அன்று ஒரே நிமிடத்தில் கிளம்பின.

அன்று காலையிலிருந்து மழை. கொழுந்து சொட்டச் சொட்ட நனைந்து வந்தது. தொட்டியை நிரப்பும்போது ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகள் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டின. காற்றில் அவ்வளவு ஈரம். இப்படிப்பட்ட நாளில் சூடான காற்றைக் கலந்து விட்டாலும் பதினெட்டு மணி நேரம் ஆகும். புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் நான் முதலில் சொல்வதே இதுதான்: கொழுந்துக்குக் கடிகாரம் தெரியாது. ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் அழுத்து. பச்சையாக இருந்தால் நொறுங்குகிற சத்தம் வரும், கையைத் திறந்ததும் துள்ளி விரியும். வாடியிருந்தால் சத்தம் இருக்காது, உருண்டையாக நின்று மெதுவாகப் பிரியும். கை சொல்வதைக் கேள், சுவரைப் பார்க்காதே.

காலை ஏழு இருபதுக்கு நான் வெளுத்துத் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு மாடிக்குப் போனேன். ஜீப் கீழே நின்றது. எட்டு மணிக்கே கிளம்ப வேண்டியதில்லை, பத்துக்குக் கிளம்பினாலே நேரம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவள் கோயம்புத்தூரில் இறங்குவது பிற்பகல் இரண்டு ஐம்பத்தைந்துக்கு. ஆனால் மனதுக்குள் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. நேராகப் பறந்திருந்தால் இன்னும் பத்து நிமிடத்தில் இறங்கியிருப்பாள்.

"இறக்கிடலாம்" என்றேன்.

மாடியில் பதினெட்டு வருடமாக வேலை செய்பவர், என் வயதுக்காரர். ஒரு பிடி எடுத்து அழுத்தி, காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டார்.

"இன்னும் சத்தம் போகலைங்க சார்."

"மணி ஏழரை ஆச்சு."

"மணி ஆச்சுங்க. கொழுந்து ஆகலைங்களே."

"பதினாலு மணி நேரம் ஓடியிருக்குது. இறக்குங்க."

அவர் என் சட்டையைப் பார்த்தார். பிறகு வலையோரத்தில் நின்ற பெண்ணிடம் திரும்பி, "அக்கா வர்றாங்களாட்ட இருக்குது. இன்னைக்கு வாடிப் போனது சார்தான். இறக்கு புள்ளே" என்றார். அந்தப் பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நான் கையைத் தொட்டிக்குள் விடவே இல்லை. அவ்வளவு வருட சர்வீஸில் கை வைக்காமல் இறக்கச் சொன்னது அந்த ஒரு நாள்தான்.

விமான நிலையத்தில் வெளியே வரும் வழியில் நான்கு மணி நேரம் நின்றேன். தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முன்பக்கம் முடி நரைத்திருந்தது. போனில் அது தெரிந்ததில்லை.

"வானத்துல மட்டும் பதினஞ்சு மணி அம்பத்தஞ்சு நிமிஷம்" என்றேன். "காத்திருந்தது அஞ்சரை."

"எப்படி இருக்கேன்னு மொதல்ல கேளுங்க" என்றாள்.

கேட்டேன். "கால் வீங்கியிருக்குது. பசிக்குது. வேற நல்லா இருக்கேன்" என்றாள். மேட்டுப்பாளையத்தில் நிறுத்தி டீ குடித்தோம். கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "உங்க ஃபேக்டரி டீயை விட இது நல்லா இருக்குதுங்க" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். அந்த நேரத்தில் எங்கள் ஃபேக்டரியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மறுநாள் காலையில் தெரிந்தது. வாடாத கொழுந்து மெஷினில் களி மாதிரி வந்திருக்கிறது. டிரையரில் உலராமல் அவிந்திருக்கிறது. மேனேஜர் வரிசையாக வைத்த கோப்பைகளை ஒவ்வொன்றாக உறிஞ்சித் துப்பிக்கொண்டே வந்தார். ஏழாவதில் நின்றார்.

"இதுல யாருங்க கஷாயம் வச்சது?"

"என் தப்புங்க சார். முன்கூட்டியே இறக்கிட்டேன்."

"நீங்களா?"

"நான்தாங்க."

அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "வீட்ல வந்திருக்காங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "சரி, போங்க" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. டைரியில் 'தொட்டி 3. என் தவறு. பச்சை வாடை' என்று எழுதினேன்.

அதை அவள் படித்துவிட்டாள். டைரி ரகசியம் இல்லை, மேஜை மேல்தான் கிடக்கும். முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். மழை, ஏழரை மணி, இல்லாத விமானம், எல்லாம். முதலில் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மாமியார் உள்ளேயிருந்து, "என்னா சிரிப்பு அங்க?" என்று கேட்டார்கள்.

"உங்க மாப்பிள்ளை ஏரோப்ளேனைத் தொட்டியில போட்டுக் காய வச்சிருக்காரும்மா."

பிறகு டைரியின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். சிவப்புக் கட்டத்துக்குக் கீழே அவளுடைய பயணங்களுக்கு ஒரு பட்டியல் போட்டிருந்தேன். புறப்பட்டது, இறங்கியது, வானில் இருந்தது, காத்திருந்தது என்று நான்கு பத்தி. விரலை வைத்துப் படித்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"இதுல நான் வந்த கணக்கு மட்டும்தானே இருக்குது. போன கணக்கு எங்கே?"

"போனதை எழுதலை."

"ஏனுங்க?"

நான் கீரைக் காம்புகளை ஒரு பக்கமாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

"போறப்போ எப்பவும் சீக்கிரமாப் போயிடுது" என்றாள். "முக்கா மணி நேரம் கம்மி. வர்றப்போதான் இழுக்குது."

பிரிந்து போகிறவர்களுக்கு அப்படித் தோன்றும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரே தூரம், ஒரே மாதிரி விமானம். அதெப்படிக் குறையும்? ஆனால் அவளைத் திருத்தவில்லை.

கீரையை முறத்தில் வைத்துவிட்டு அவள் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். "கொழுந்தைக் கையில எடுத்துப் பார்க்காம ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்க. என்னைய மட்டும் ஏழு வருஷமா எண்ணிக்கிட்டே இருக்கீங்க. எனக்கு அங்கே நிரந்தரமா இருக்கக் காகிதம் குடுத்துட்டாங்க. நீங்களும் வரலாமுன்னு அதுல இருக்குது. வந்து இருங்கன்னு நான் கேக்கலை. ஒரு தடவை வந்து பாருங்க. நான் எந்தப் படியில ஏறி வேலைக்குப் போறேன், எந்த ஜன்னல் பக்கம் உக்காந்து உங்களோட பேசறேன், அதையாவது பாருங்க."

"அத்தையை யார் பார்ப்பாங்க?" என்றேன்.

"என்னைய சாக்கு சொல்லாதீங்க மாப்புள்ள" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "மகன் குந்தாவுல உசிரோடதான் இருக்கான்."

"ஃபேக்டரி இருக்குது" என்றேன். "ஏரோப்ளேன்ல நான் ஏறினதே இல்லை."

அவள் எழுந்து முறத்தை எடுத்துக்கொண்டாள். "ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா பன்னெண்டு நாள் பொண்டாட்டியா இருக்க இனி என்னால முடியாதுங்க. கோவத்துல சொல்லலை. நெசமா முடியலை."

அதன் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மீதி நாட்களில் கோத்தகிரி சந்தைக்குப் போனோம். ஒரு ஞாயிறு முழுக்க மழை பெய்தது, ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரே போர்வையைக் காலில் போட்டுக்கொண்டு வேர்க்கடலை உரித்தோம். அவள் தூங்கும்போது மூச்சுக்கு நடுவில் ஒரு சின்ன நிறுத்தம் இருப்பதைக் கவனித்தேன். முன்பு இருந்ததா என்று நினைவில்லை. எந்த டைரியிலும் இல்லை.

எங்கள் காடுகளில் ஒரு முறை கொழுந்து பறித்தால் அதே செடிக்குத் திரும்ப வர மழைக்காலத்தில் பன்னிரண்டு நாள் ஆகும். ஒரு ரவுண்டு என்போம். அவள் வந்த அன்று ஒன்பதாம் நம்பரில் பறித்துக்கொண்டிருந்தார்கள். அவள் கிளம்பிய அன்றும் அதே பெண்கள் அதே காட்டில் நின்றார்கள். ஜீப் தாண்டும்போது ஒருத்தி கூடையோடு நிமிர்ந்து, "அதுக்குள்ள ஒரு ரவுண்டு முடிஞ்சிருச்சாக்கா?" என்று கத்தினாள். என் மனைவி கையை வெளியே நீட்டி ஆட்டினாள். வளைவு திரும்பும் வரை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

விமான நிலையத்தில் அவள் உள்ளே போனதும் நான் வழக்கமாக உடனே கிளம்பிவிடுவேன். விமானம் ஏறுவதை நான் கவனித்ததில்லை, போகும் நேரத்தைக் குறித்ததும் இல்லை. அன்று வீட்டுக்கு வந்து செல்போனை எடுத்து, அவள் விமானம் எங்கே பறக்கிறது என்று முதல் முறையாகப் பார்த்தேன். சிங்கப்பூரில் ஏறியதைக் குறித்தேன். மறுநாள் ஆக்லாந்தில் இறங்கியதைக் குறித்தேன். ஒன்பது மணி ஐம்பத்தெட்டு நிமிடம். அவள் வந்தபோது அதே தூரத்துக்குப் பத்து மணி நாற்பத்தைந்து நிமிடம். நாற்பத்தேழு நிமிடம் கம்மி.

நம்ப முடியாமல் அடுத்த இரண்டு வாரம், அவள் இல்லாத அந்த விமானத்தையும் தொடர்ந்து குறித்தேன். ஒவ்வொரு நாளும் போவது குறைவாகவும் வருவது அதிகமாகவும் இருந்தது. காரணத்தைத் தேடிப் படித்தேன். தெற்கே அந்த உயரத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்கே ஓயாமல் வீசுகிறதாம். போகும் விமானத்தை அது தள்ளிவிடும், வரும் விமானத்தை எதிர்க்கும். அவள் வருத்தத்தில் சொன்னாள் என்று நினைத்தேன். சரியான கணக்கைத்தான் சொல்லியிருக்கிறாள். ஏழு வருடமும் காற்று இங்கிருந்து அவள் பக்கமாகத்தான் வீசிக்கொண்டிருந்தது. வரும் பத்தியை மட்டும் வைத்திருந்ததால் அது எனக்குத் தெரியவில்லை.

கோத்தகிரியில் போட்டோ எடுத்துக்கொண்டு பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டேன். செப்டம்பரில் வந்தது. மதியம் போனில் சொன்னேன். லைன் கட்டாகிவிட்டதா என்று பார்த்தேன், விநாடி ஓடிக்கொண்டிருந்தது. "குளிருக்கு என்ன எடுத்துட்டு வர்றதுன்னு நான் எழுதி அனுப்பறேன்" என்றாள். "நீங்க எழுத வேணாம்."

போன மாதம் விசா வந்தது. லீவு ஃபாரத்தை மேனேஜரிடம் கொடுத்தேன். முப்பது நாள். இருபத்தாறு வருடத்தில் நான் சேர்ந்தாற்போல் எடுத்த அதிக லீவு ஒன்பது நாள், கல்யாணத்துக்கு. காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன்.

"யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்லைங்க சார்."

"விசேஷமா?"

"இல்லைங்க. என் சம்சாரத்தைப் பார்க்கணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க."

அவர் பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினார். "மழை முடியட்டும், போயிட்டு வாங்க. மூணாம் தொட்டிக்கு இனி ஆபத்து இல்லைன்னு நெனச்சுக்கறேன்" என்று கையெழுத்துப் போட்டார். காரணக் கட்டம் காலியாகவே இருக்கிறது.

கிளம்ப இன்னும் இருபத்து மூன்று நாள் இருக்கிறது. மாமியாரைக் குந்தாவுக்குக் கூட்டிப்போக மச்சான் வருகிறார். மாமியார் இப்போதே பையைக் கட்டி வைத்துவிட்டார்கள். நேற்று சாயங்காலம் என் டிக்கெட்டை எடுத்து வரச் சொன்னார்கள். தமிழில் சொல்லுங்க என்றார்கள், சொன்னேன். எத்தனை மணிக்கு எங்கே ஏறுவது, எங்கே காத்திருப்பது, எப்போது இறங்குவது. எல்லாம் கேட்டுவிட்டு, "கடலைத் தாண்டுறப்போ கீழ பாருங்க மாப்புள்ள" என்றார்கள். நான் போகும் விமானம் சென்னை வழி, அந்த இடத்தின் மேல் போகாது. அதைச் சொல்லவில்லை. பார்க்கிறேன் என்றேன்.

"அங்க போயும் மணியைப் பாத்துக்கிட்டு உக்காந்துடாதீங்க. அவ ஏசுவா."

இந்த வருட டைரியின் கடைசிப் பக்கத்தில் வலது பக்கம் ஒரு பத்தி புதிதாகக் கோடு போட்டிருக்கிறேன். தலைப்பு இன்னும் எழுதவில்லை. சிவப்புக் கட்டம் மேலே அப்படியே இருக்கிறது. இன்று காலை மழை விட்டிருந்தது. தொட்டியில் கை விட்டு ஒரு பிடி எடுத்து அழுத்தினேன், சத்தம் இருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் போகட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் அனுப்பிய பட்டியலில் கம்பளிச் சட்டை இரண்டு, கால் உறை நான்கு ஜோடி, மாமியார் கையால் இடித்த மிளகாய்த் தூள் ஒரு கிலோ இருக்கிறது. டைரி அதில் இல்லை. எடுத்துக்கொண்டு போவதா வேண்டாமா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.